சாயக் குஞ்சு

எங்கள் ஊர்ச் சந்தைக்குள் நுழையும் இடத்தில் ஒருவர் மூங்கில் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருப்பார். கூடை நிறையக் கோழிக்குஞ்சுகள். ரோஸ், பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கோலப்பொடிக் கிண்ணங்களைக் கவிழ்த்தது போல இருக்கும். 1980களின் கடைசியில், எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது, நோம்பிக்குக் கிடைத்த காசில் நான்கு குஞ்சுகள் வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்து அம்மாயி வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மாயி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏங்கண்ணு, இந்தச் சாயக் குஞ்சுக்கா காசக் கரியாக்குன? அத்தனையும் சாவக்குஞ்சு. பொட்டையா இருந்தா அவன் தெருவுக்குக் கொண்டாருவானா?”

மூன்று குஞ்சுகள் ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. பச்சைக் குஞ்சு மட்டும் தங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாயி சொன்னது சரி. முட்டைக்கோழி இனத்தின் ஆண்குஞ்சு முட்டையிடாது. கறிக்கோழி போல ஆறு வாரத்தில் எடையும் போடாது. பொரிப்பகத்துக்காரருக்கு அது தீவனச் செலவு மட்டுமே. அதனால் பொரிந்த அன்றே பிரித்துக் கழித்துவிடுகிறார்கள். கழித்தவற்றில் கொஞ்சம் சாயத்தில் முங்கித் தெருவுக்கு வரும். சின்ன வயதில் என்னைக் குழப்பியது இந்தக் கணக்கு அல்ல. ‘பொட்டை’ என்ற சொல்தான். எங்கள் பக்கத்தில் பிரசவத்துக்குப் போய்வந்த பெண்கள் “பொட்டப்புள்ள” என்று சொல்லும்போது குரல் எப்படி இறங்கும் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும். கோழிக்கு அதே சொல்லைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏறியது.

தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997-ல். ஒரே மாவட்டத்தில் பெண்சிசுவுக்குத் தொட்டில் வைக்க வேண்டியிருந்தது, ஆண்குஞ்சுக்கு இடமில்லாமல் இருந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். “அங்கயாவது நாம ஜெயிச்சோம் மேடம்” என்று ஒருத்தி சொன்னாள். அந்தச் சிரிப்பில் என்னால் முழுதாகக் கலந்துகொள்ள முடியவில்லை. பொரிந்த அன்றே ஒரு குஞ்சை ஆணா பெண்ணா என்று பிரித்தறிய மனிதர்கள் எப்படிக் கற்றார்கள் என்று தேடிப்போனேன். தேடல் இறகு நிறத்தில் போய் நின்றது. அழகுக்காக வளர்த்த நிறம் பாலைக் காட்டும் அடையாளமானது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. கதை நடந்த இடம் பெரும்பாலும் இங்கிலாந்து.

இங்கிலாந்தில் சேவல்சண்டை 1835-ல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1845-ல், லண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. போட்டி சண்டைக்களத்திலிருந்து கண்காட்சிக் கூண்டுக்கு இடம்பெயர்ந்தது என்று சொல்லலாம். அதற்குச் சற்று முன் சீனாவிலிருந்து பெருத்த உடல் கொண்ட கோழிகள் விக்டோரியா அரசியின் பண்ணைக்கு வந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகள் நாடு முழுக்கக் கோழிப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவுக்கும் அது தொற்றியது. பர்ன்ஹாம் என்ற கோழி வியாபாரி 1855-ல் அதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குக் ‘கோழிக் காய்ச்சலின் வரலாறு’ என்றே பெயர்.

அதுவரை கொல்லைக்கோழி பெண்களின் பொறுப்பு. இங்கிலாந்துப் பண்ணை வீடுகளிலும் முட்டைக் காசு வீட்டுக்காரியின் கையில்தான் புழங்கியது, எங்கள் அம்மாயியின் சுருக்குப்பையில் புழங்கியது போல. கோழியில் பெரும்பணமும் பரிசுக்கோப்பையும் புகழும் வந்ததும் ஆண்கள் வந்தார்கள். கோழி இனங்களுக்கான முதல் இலக்கண நூல் 1865-ல் டெகெட்மியர் என்ற ஆணின் பெயரில் வந்தது. கொண்டைக்கு இத்தனை மதிப்பெண், வாலுக்கு இத்தனை, இறகின் ஓரக்கோட்டுக்கு இத்தனை என்று அளந்து எழுதினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர் தட்டுப்படுகிறது. எலிசபெத் வாட்ஸ், லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் இருந்தவர். கோழி வளர்ப்புக்கென்று நடந்த ஒரு பத்திரிகையின் ஆசிரியர். 1854 ஜனவரியில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து இவருக்கு ஒரு கூடைக் கோழி வந்தது. முழு வெள்ளை, தலையில் பந்துபோலக் குடுமி, தாடையில் தாடி, கால்விரல் வரை தூவி, ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல். துருக்கியர் அவற்றை அரண்மனைக் கோழி என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘சுல்தான்’ என்று பெயர் வந்தது. ஐரோப்பாவில் அந்த இனம் நிலைத்ததற்கு வாட்ஸ் அம்மையாரின் கூடைதான் தொடக்கம். சுல்தானாக்கள் இல்லாமல் சுல்தான்கள் மட்டும் எப்படி முட்டையிட்டார்கள் என்று கேட்காதீர்கள். இனத்துக்குப் பெயர் வைக்கும்போது பெட்டை அநேகமாக நினைவுக்கு வருவதில்லை.

பெட்டையை மறப்பது பெயரோடு நிற்கவில்லை. கண்காட்சிக் கோழிகளின் வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த இடம் ‘இரட்டை இணைசேர்ப்பு’. ஹாம்பர்க் என்ற இனத்தில் பென்சில் கோடு வகை ஒன்று உண்டு. பரிசுக்குரிய பெட்டையின் ஒவ்வோர் இறகிலும் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்க வேண்டும். பரிசுக்குரிய சேவலுக்கு உடம்பில் கோடே கூடாது. தகதகவென்று ஒரே நிறம், கறுப்பு வால். கோட்டுக்கான மரபு ஒன்றுதான். நன்றாகக் கோடு விழுந்த பெட்டைக்குப் பிறக்கும் மகன்களுக்கும் கோடு விழுந்துவிடும், நடுவர் ஒதுக்கிவிடுவார். ஆகவே வளர்ப்பவர்கள் ஒரே இனத்துக்குள் இரண்டு குடும்பங்களை வைத்துக்கொண்டார்கள். ஒன்று அழகான பெட்டைகளைப் பெறுவதற்கு. இன்னொன்று அழகான சேவல்களைப் பெறுவதற்கு.

சேவல் குடும்பத்தின் தாய்க்குக் கோடு சரியாக விழுந்திருக்காது. மங்கிய, திட்டுத்திட்டான இறகு. அவளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கூண்டில் முதல் பரிசுச் சீட்டோடு நிற்கும் சேவலின் அழகு முழுக்க அவள் வழியாக வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்வையாளர் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார். நேர்மையாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு: அழகான பெட்டைகளைப் பெற்ற கோடு விழுந்த தகப்பனும் வீட்டில்தான் இருந்தான். எனக்கு ஏனோ அவன்மேல் அதே இரக்கம் வரவில்லை. ஆராய்ச்சியாளருக்கு இது அழகல்ல என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சேவல் அழகு என்றால் என்ன என்ற கேள்விக்கு இன்னொரு கோழி பதில் சொல்கிறது. சர் ஜான் செப்ரைட் என்ற பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய குட்டைக்கோழி அது. பொன்னிற அல்லது வெள்ளி நிற இறகு, ஒவ்வோர் இறகையும் சுற்றிக் கறுப்புக் கரை, பார்டர் கட்டிய புடவை போல. இந்த இனத்தில் சேவலுக்கு அரிவாள் வால் கிடையாது, கழுத்திலும் முதுகிலும் தொங்கும் கூரிய இறகு கிடையாது. சேவல் பெட்டையின் உடையைத்தான் உடுத்தியிருக்கும். அமெரிக்க மரபியலாளர் டி.எச். மார்கன் செப்ரைட் சேவல்களின் விரைகளை அகற்றிப் பார்த்தார். 1919-ல் அதை நூலாக எழுதினார். விரை போனதும் அடுத்து முளைத்த இறகுகள் அசல் சேவல் இறகுகள்!

சாதாரணப் பெட்டையிலும் இதுதான் நடக்கிறது. பெட்டைக்கு வழக்கமாக ஒரே ஒரு சினைப்பைதான் வேலை செய்யும், இடப்பக்கத்தில். அது நோயாலோ முதுமையாலோ கெட்டால், அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவலின் பகட்டு இறகுகள் வரும். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் பெட்டையின் அடக்கமான நிறத்தை உண்டாக்குகிறது. அது இல்லாவிட்டால் ஆணோ பெண்ணோ எந்தக் கோழிக்கும் பகட்டான இறகுதான் முளைக்கும். செப்ரைட் சேவலின் தோல் தன் ஆண் ஹார்மோனையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. அதனால் பெட்டை உடை. பெண் என்பவள் முழுமை பெறாத ஆண் என்று அரிஸ்டாட்டில் காலம் முதல் எழுதி வந்தார்கள். கோழியின் இறகைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். அங்கே பகட்டுதான் வெறும் நிலை. பெண்மைதான் மேலே சேர்க்கப்பட்ட ஒன்று.

இறகு மாறிய பறவைகளை மனிதர்கள் அச்சத்தோடுதான் பார்த்தார்கள். பாசெல் நகரத்தில் 1474-ல் முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு சேவலை எரித்தார்கள். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. என் சித்தப்பா அதை என் முனைவர் பட்டத்தின்போதுகூடச் சொன்னார். 1780-ல் ஜான் ஹண்டர் என்ற லண்டன் மருத்துவர் பதற்றமில்லாமல் ஒரு குறிப்பு எழுதினார்: லேடி டிண்ட் என்ற சீமாட்டி வளர்த்த பெண்மயில் பலமுறை குஞ்சு பொரித்துவிட்டு, வயதான பிறகு ஆண்மயிலின் இறகுகளைப் போட்டுக்கொண்டது.

மயில் என்றதும் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. மரபியல் என்றால் உயிரியல் மாணவிக்கு மெண்டலின் பட்டாணிச் செடி. எனக்கு அது பொருளதிகாரத்தின் கடைசி இயல். விலங்குக்கும் பறவைக்கும் ஆண் பெயர் எது, பெண் பெயர் எது என்று அங்கே வரிசையாகச் சொல்லப்படுகிறது. பெண்கோழிக்கு ‘அளகு’ என்றொரு அழகான பெயர் உண்டு. கூகையைத் தவிர வேறு பறவைக்கு அது பொருந்தாது. சிறகுள்ளவற்றின் ஆணையெல்லாம் சேவல் எனலாம், மயிலை மட்டும் அப்படிச் சொல்வதில்லை என்கிறது ஒரு நூற்பா. பேராசிரியர் உரையில் காரணம் இருக்கிறது: தோகையால் ஆண்மயிலுக்குப் பெண்ணின் சாயல் வந்துவிடுகிறது. அழகான இறகு என்றால் பெண் என்று உரைகாரர் நினைத்திருக்கிறார். அழகான இறகு என்றால் ஆண் என்று கண்காட்சி நடுவர் நினைத்தார். இரண்டு பேருமே இறகைப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள்.

இனி இன்னொரு மரபியலுக்கு வருகிறேன். மெண்டலின் விதிகள் 1900-ல் மறுபடி கண்டெடுக்கப்பட்டன. அவை விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முதலில் காட்டியவை கோழிகள். கேம்பிரிட்ஜை அடுத்த கிராண்ட்செஸ்டரில் வில்லியம் பேட்சன் தன் வீட்டுத் தோட்டத்தில் கோழிகளை இணைசேர்த்துக் கொண்டை, கால்விரல், இறகு நிறம் எல்லாவற்றையும் குறித்துவந்தார். அவற்றில் இந்தியன் கேம் என்ற இனமும் இருந்தது. நம் நாட்டு அசில் சண்டைக்கோழியின் வழிவந்தது. கோழிகளைப் பராமரித்ததிலும் பதிவு வைத்ததிலும் மனைவி பியாட்ரிஸுக்குப் பெரும்பங்கு உண்டு. அறிக்கை 1902-ல் ராயல் சொசைட்டிக்குப் போனது. அதில் இரண்டு பெயர்கள்: பேட்சன், மிஸ் சாண்டர்ஸ்.

எடித் ரெபேக்கா சாண்டர்ஸ் நியூனம் கல்லூரியில் படித்தவர். அது பெண்கள் கல்லூரி. பெண்கள் கேம்பிரிட்ஜில் பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம், ஆண்களைவிட அதிக மதிப்பெண்கூட வாங்கலாம், பட்டம் கிடையாது. பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று 1897-ல் வாக்கெடுப்பு நடந்தபோது, சைக்கிளில் உட்கார்ந்த ஒரு பெண் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு மாணவர்கள் கேலி செய்தார்கள். தீர்மானம் தோற்றது, பொம்மையைப் பிய்த்துக் கொண்டாடினார்கள். பெண்களுக்கென்று 1884-ல் தொடங்கிய பால்ஃபர் ஆய்வகத்தில்தான் சாண்டர்ஸ் கற்பித்தார், பிறகு அதன் தலைவரானார். பேட்சனுக்கு வேண்டிய ஆட்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். புதிய துறை, அதில் வேலையும் இல்லை, பணமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஆண்கள் எட்டிப் பார்க்காததால் பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஃப்ளாரன்ஸ் டர்ஹாம் எலிகளின் நிறத்தை ஆராய்ந்தார். அவரும் டொரதியா மேரியட்டும் 1908-ல் கேனரிக் குருவிகளின் பழுப்பு நிறம் மகனுக்கு ஒரு விதமாகவும் மகளுக்கு ஒரு விதமாகவும் போவதை எழுதினார்கள்.

அந்தக் குருவிகளில் தெரிந்ததுதான் கோழியிலும் தெரிந்தது. மனிதரில் தாயிடம் இரண்டு எக்ஸ், தகப்பனிடம் எக்ஸும் ஒய்யும். பறவைகளில் இது தலைகீழ். சேவலிடம் இரண்டு இசட். பெட்டையிடம் ஒரு இசட், ஒரு டபிள்யூ. குஞ்சின் பாலைத் தீர்மானிப்பவள் தாய். பெண்குழந்தை பிறந்தால் பெற்றவளைத் திட்டும் மாமியார்கள் கோழியைத்தான் பார்த்துக் கற்றார்கள் போலிருக்கிறது. இதில் விசித்திரம் ஒன்று உண்டு: தாயின் இசட் மகனுக்கு மட்டுமே போகும். மகளுக்கு இசட் தகப்பனிடமிருந்து வருகிறது. இறகில் வெள்ளை வரி போடும் மரபணு, இறகை வெள்ளியாக்கும் மரபணு, இரண்டும் அந்த இசட்டில் இருக்கின்றன.

ஆக, வரிபோட்ட பிளைமவுத் ராக் பெட்டையைச் சிவப்பு ரோட் ஐலண்ட் சேவலோடு சேர்த்தால், தாயின் வரி மகன்களுக்குப் போய்விடும். பொரிந்தவுடனே ஆண்குஞ்சின் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். பெண்குஞ்சின் தலை கறுப்பு. வெள்ளி நிறப் பெட்டையைச் சிவப்புச் சேவலோடு சேர்த்தால் ஆண்குஞ்சு வெளிர் மஞ்சள், பெண்குஞ்சு பழுப்பு. கைக்குழந்தைக்கு நெற்றியில் பொட்டு வைத்துப் பழகிய நாட்டில் பிறந்த எனக்கு, அந்தத் தாய் மகனுக்கு வைத்தனுப்பும் வெள்ளைப் பொட்டை இலேசாகக் கடந்துபோக முடியவில்லை. அதை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள்.

முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் தானியம் தட்டுப்பட்டது. பேட்சனின் கூட்டாளி ரெஜினால்ட் புன்னெட் அரசின் உணவு உற்பத்தித் துறைக்கு யோசனை சொன்னார்: நிறத்தை வைத்து ஆண்குஞ்சுகளை முதல்நாளே பிரித்துக் கழித்துவிட்டால் தீவனம் மிச்சம். கேம்பிரிட்ஜின் முதல் மரபியல் பேராசிரியர் அவர். கலப்பில் ஒரு சிக்கல் இருந்தது. இந்த நிறப்பிரிவு ஒரு தலைமுறைக்குத்தான் நிற்கும். அடுத்த தலைமுறையில் நிறம் கலைந்துவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு இனங்களையும் வைத்திருப்பவரிடமே குஞ்சு வாங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் இனம் வேண்டுமென்று புன்னெட்டும் மைக்கேல் பீஸும் முயன்றார்கள். 1920களின் இறுதியில் கேம்பார் வந்தது, அடுத்து லெக்பார். கொல்லையில் வளர்ப்பவர்களிடம் லெக்பார் இன்றும் இருக்கிறது. பெரிய வியாபாரம் கலப்பினத்தோடு போனது. குஞ்சின் குதத்தைப் பார்த்துப் பால் பிரிக்கும் ஜப்பானியரின் முறையும் அதே காலத்தில் பரவியது. எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு விடுவது, எந்த முட்டையை அடைக்கு வைப்பது என்ற முடிவு கொல்லையிலிருந்து பொரிப்பகத்துக்குப் போய்விட்டது. அம்மாயி போன்றவர்களின் கையில் இருந்தது அதுதான்.

சாண்டர்ஸ் 1945-ல் சைக்கிளில் போகும்போது விபத்தில் அடிபட்டு இறந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1948-ல். பேட்சன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த ஜான் இன்னஸ் தோட்ட ஆய்வு நிலையத்தில் 1940 முதல் 1945 வரை குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நம் ஜானகி அம்மாள், தலைச்சேரியில் பிறந்து சென்னையில் படித்து, கோவைக் கரும்பு நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுப் போனவர். அவர் ஆராய்ந்தது கோழியை அல்ல, தாவரத்தை. இருந்தாலும் அந்தக் கட்டடத்தின் கதவு ஒரு இந்தியப் பெண்ணுக்குத் திறந்ததற்கு முன்னால் நியூனம் பெண்கள் அங்கே நடந்து போட்ட தடம் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

உலகில் இப்போது ஆண்டுக்குச் சுமார் 700 கோடி ஆண்குஞ்சுகள் பொரிந்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் அதைத் தடைசெய்தது. சில பொரிப்பகங்களில் பதின்மூன்றாம் நாள் முட்டையின் ஓட்டுக்குள் ஒளியைப் பாய்ச்சி, கருவில் அரும்பும் இறகின் நிறத்தைக் கருவி படிக்கிறது. வெளிர் நிறமென்றால் ஆண், அந்த முட்டை அடையிலிருந்து வெளியேறும். புன்னெட்டின் யோசனைதான், ஓட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. பழுப்பு முட்டையிடும் இனங்களுக்கே இது பொருந்தும். வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகளில் ஆணும் பெண்ணும் ஒரே வெள்ளை. இறகு எதையும் காட்டிக்கொடுக்காது. நாமக்கல் கூண்டுகளில் இருப்பவை அந்த வெள்ளைக் கோழிகள்.

‘ஜெயிச்சோம்’ என்ற மாணவியை ஒருமுறை அப்படி ஒரு கொட்டகைக்கு அழைத்துப்போனேன். ஒரு கூண்டில் நான்கைந்து பெட்டைகள். இறக்கையை முழுதாக விரிக்க இடமில்லை. கழுத்து இறகு கம்பியில் தேய்ந்து தோல் தெரிந்தது. ஆண்டுக்கு முன்னூறு முட்டைக்கு மேல் இடுகின்றன. முட்டை குறைந்ததும் லாரி வரும். அவள் கூண்டு வரிசையின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். திரும்பும் வழியில் பேருந்தில் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பச்சைக் குஞ்சைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஒரு மாதத்தில் பச்சைத் தூவிக்கு அடியிலிருந்து வெள்ளை இறகு முளைத்து வந்தது. கடைசியாகத் தலையில் மட்டும் பாசி பிடித்தது போலக் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது, பிறகு அதுவும் போனது. ஐந்தாம் மாதம் கூவத் தொடங்கியது. அம்மாயி அதை அறுக்கவில்லை. “வெள்ள வெளேர்னு இருக்கறான், எம்பொட்டைகளோட சுத்தட்டும்” என்றார். அவரிடமிருந்த செவலைப் பெட்டைக்கும் கறுப்பிக்கும் அந்த ஆண்டு பொரிந்த குஞ்சுகள் எல்லாமே வெளுத்துப் பிறந்தன, அங்கங்கே கறுப்புப் புள்ளியோடு. அடையில் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அம்மாயி சொன்னார்: “எது சாவல் எது பொட்டைன்னு ரண்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம், இப்ப அரிசிக் குருணை எடுத்தா.”